பாட்டு வாங்கப் போய் நாட்டை மாற்றினேன்

இலங்கையில், பசறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் நடன ஆசிரியை. ஆண்டு விழாவுக்கு முதல் வாரம், வழக்கமாகப் பாட்டு வாங்கும் வெளிநாட்டு இணையக் கடையில் இன்னும் ஒன்று வாங்கப் போனேன். "உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை" என்று வந்தது.

இந்தியாவில் கிடைக்குமாம். கணக்கில் நாட்டை மாற்றினேன். முகவரி கேட்டது. எங்கள் பூர்வீகம் திருச்சிப் பக்கம்; அங்கிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். தாத்தாவின் பழைய கடிதத்தில் இருந்த ஊரையே எழுதினேன். பொய் என்றே தோன்றவில்லை.

உடனே கணக்கைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கிய ஆறு பாட்டுகளும் அதற்குள்தான் இருந்தன. திறப்பதற்கு, இந்தியாவில் வசிக்கும் ஆதாரத்தை அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் இருந்ததோ இலங்கை அடையாள அட்டைதான்.

கணவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அப்பாகிட்டயும் இப்படித்தான், இங்க குடியுரிமை கேட்டப்ப, எந்த நாடுன்னு பேப்பர் காட்டச் சொன்னாங்க. கடைசி வரைக்கும் அவரால காட்ட முடியல."

விழாவில் நானே தொண்டை கட்டும்வரை பாடினேன்.

இப்போதெல்லாம் வாங்கும் பாட்டை அன்றே தரவிறக்கி, பென் டிரைவில் போட்டுவிடுகிறேன். நாட்டைக் கேட்டால் இலங்கை. விற்காவிட்டால் போகட்டும். நாடு மாறியது எங்கள் குடும்பத்துக்கு ஒரு தடவையே போதும்.