தனிமை என்று மைக்கில் சொன்னேன்

மைக்கில் பேசியே ஒரு ஊரை ஓட வைத்தவன் என்று எங்கள் துறையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பொய். யாரும் ஓடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான் சுகாதார ஆய்வாளர். கல்வராயன் மலையில் கொசுப்புழு, குளோரின், காய்ச்சல் கணக்கு என்று ஒழுங்காகத்தான் இருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சிக்குப் போனதில்தான் கெட்டேன். பி.பி., சுகர் போலத் தனிமையும் உடம்பைக் கெடுக்கும், வேலை பார்க்கும் இடத்திலும் அதைக் கவனிக்க வேண்டும் என்று ஓர் அம்மையார் அழகாகப் பாடம் எடுத்தார். மதியச் சாப்பாடும் நன்றாக இருந்தது. இரண்டும் சேர்ந்து எனக்குள் ஒரு வேகத்தைக் கிளப்பிவிட்டன.

திரும்பி வந்ததும் எங்கள் டாக்டரம்மா ஒரு மாறுதல் மனுவை நீட்டினார். மலை மேல் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம செவிலியர் ஸ்டெல்லா எழுதியது.

"இவங்க போய்ட்டா அந்த போஸ்ட்டுக்கு மலையேறி யாரு வருவாங்க? மாசமா இருக்கிறவங்க ஊசி போட கீழ பஸ் புடிச்சி வரணும். அடுத்த மாசம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங். அதுக்குள்ள போய்ப் பேசுங்க."

போய்ப் பேசினேன். ஸ்டெல்லாவுக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம். நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தார்.

"குறை ஒண்ணும் இல்ல சார். ஊசி போட வராங்க, கொழந்தைக்கு எடை பாக்க வராங்க, வேல முடிஞ்சதும் போய்க்கினே இருக்காங்க. அஞ்சு மணிக்கு மேல என்கிட்ட பேசறது பிரிஜ்ஜு ஒண்ணுதான். கரண்ட்டு போனா அதுவும் பேசாது. ஒண்டியாவே ரெண்டு வருஷம் தள்ளிட்டேன். போதும் சார்."

அறிவுள்ளவனாக இருந்தால் டீ போடச் சொல்லி, பக்கத்து வீட்டிலும் ஒரு குரல் கொடுத்து, உட்கார்ந்து பேசியிருப்பான். நான் நீண்ட சர்வீஸ் போட்டவன். எந்தத் துன்பத்தைப் பார்த்தாலும் விழிப்புணர்வு முகாம் நடத்தத்தான் எனக்குக் கை வரும்.

மாலையே ஜீப்பில் மைக்கைக் கட்டினேன். "பொதுமக்களே! தனிமை ஒரு நோய். உங்கள் செவிலியர் தனிமையில் இருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்வது நம் அனைவரின் கடமை!"

கடைசி வரியில் குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். தெருவில் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. பூங்கொடி என்ற பெண்மணி மட்டும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து கேட்டார்.

"எத்தினி நாளு சார்?"

"ரெண்டு வருஷம்மா!" என்றேன் உருக்கமாக.

"ரெண்டு வருஷமா!" ஜன்னலும் மூடிக்கொண்டது.

கல்நெஞ்சக்கார ஊர் என்று நினைத்துக்கொண்டு வந்து படுத்தேன். காலையில் ஸ்டெல்லாவின் போன்.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன் சிஸ்டர்?"

"கேட்டுக்கு வெளிய வரிசையா பாத்திரம் இருக்குது. சாமச் சோறு, கேவுரு களி, கெழங்கு, கறிக்கொழம்பு வேற. ஆளு ஒருத்தரும் கிட்ட வரல. மாஸ்க்கு போட்டுக்கினு ரோட்டுலருந்தே கும்பிடறாங்க. எனக்கு இன்னா சீக்குன்னு எனக்காவது சொல்லுங்க சார்."

அப்போதுதான் உறைத்தது. கொரோனா காலத்தில் இதே மைக்கில், இதே குரலில், 'தனிமை' என்ற சொல்லை அந்த ஊருக்குக் கொண்டுபோனவனே நான்தான். தனிமை என்றால் அவர்களுக்குத் தகரம் அடித்து அடைத்த வீடு. சோற்றை வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். என் சர்வீசில் முழு வெற்றி பெற்ற பிரசாரம் அது ஒன்றே. சில வருஷம் தாமதமாக. துணையில்லாமல் இருப்பதற்கு 'ஒண்டி' என்ற சொல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஸ்டெல்லாவும் அதைத்தான் சொன்னார். நான்தான் நல்ல தமிழில் மொழிபெயர்த்தேன்.

மறுப்பு அறிவிப்புச் செய்ய மைக்கோடு மலையேறினேன். ஸ்டெல்லா ஜீப்பை மறித்தார்.

"அந்த மைக்கத் தொடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பாத்திரத்தக் குடுக்கற சாக்குல நானே வூடு வூடாப் போய்ச் சொல்லிக்கிறேன்."

"யாரோட பாத்திரம்னு தெரியுமா?"

"அதான் பேரு வெட்டியிருக்குதே."

வெட்டியிருந்தது. 'கோ. முனியம்மாள்' என்று போட்ட தூக்குவாளியோடு கிளம்பினார்; நான் ஜீப்பில் பின்னால் போனேன். முனியம்மாள் வீடு எது என்று கேட்டதற்குத் தள்ளி நின்றே பூங்கொடி வீட்டைக் காட்டினார்கள். பூங்கொடி வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லு நர்சம்மா! முனியம்மா இங்க இல்ல, தியாகதுருகத்துல இருக்குது."

"எனக்குச் சீக்கு இல்லக்கா. ஒண்டியா இருக்கேன்னு சொன்னேன். இந்த சாரு அத்த தனிமைன்னு சொல்லிட்டாரு."

"ஒண்டியா இருக்கியா? அட கண்றாவியே! அதுக்கா ஜீப்பு, மைக்கு? உள்ள வா மொதல்ல. இந்த வாளி எங்க பெரியண்ணன் கல்யாணத்துல முனியம்மா வச்சது. அந்தக் கல்யாணத்துல நடந்த கூத்தக் கேளு…"

என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஜீப்பில் இருந்தபடியே சிரிப்புச் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

பாத்திரங்களில் இருந்ததெல்லாம் சீர் வைத்தவர்கள் பெயர்; வைத்திருப்பவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் ஊரெல்லாம் விசாரித்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல்யாணக் கதையைக் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. காலிப் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் ஸ்டெல்லா எலுமிச்சைச் சாதம் கிளறிப் போட்டுக் கொடுத்தார். அதை அவர்கள் சும்மா விடுவார்களா? வேறு பாத்திரம் வந்தது. அதிலும் வேறு யாரோ பெயர்.

கவுன்சிலிங் அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, ஸ்டெல்லா வரவில்லை, விசாரியுங்கள் என்றார். போன் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல்.

"நான் போவல சார். பூங்கொடி அக்கா வூட்டுல இன்னிக்கி காதுகுத்து. சீர்த் தட்டு தூக்க ஆளு கம்மி. மனுவ வாபஸ்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க."

புதிதாக வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கூட வேலை செய்கிறவர் ஒண்டியாக இருக்கிறேன் என்றால் கூட்டம் போடாதீர்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மறக்காமல் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இந்த உபதேசத்தை ஸ்டெல்லாவிடமும் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குது சார். பூங்கொடி அக்காகூட அன்னிக்கே உங்களப் பத்திச் சொல்லிச்சு. 'பாவம் அந்த சாரு, பேச ஆளே இல்ல போலருக்குது. அதான் மைக்கக் கட்டிக்கினு மலையெல்லாம் சுத்தறாரு'ன்னுச்சு."