வட்டில்லாத எட்டுக் கணினிகள்

எட்டுத் திரைகளிலும் ஒரே வரி நின்றது. தலைமைக் கணினியைத் தேடுவதாக ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, ஒரு புள்ளி, மறுபடியும் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போயின. எண்பதுகளின் பிற்பகுதி, ஈப்போவில் தோட்டங்களை நிருவகித்த ஒரு நிறுவனத்தின் அலுவலகம், ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. மற்றவர்கள் பதறினார்கள். எனக்குள்ளோ இதமான குளிர்ச்சி பரவியது. அப்படித் தடுமாறி நின்றவை என் சகலையின் கணினிகள்.

அவன் என் மனைவியின் தங்கையை மணந்தவன். செமோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். நான் கோலாலம்பூரில் ஈராண்டு பயின்று சான்றிதழ் பெற்றவன். அவன் வானொலிப்பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியே எல்லாம் கற்றவன். மாமியார் வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் அவனை அழைப்பார்கள். துக்கச் செய்தி எழுத வேண்டுமென்றால் என்னை அழைப்பார்கள். அந்த வேறுபாடு ஆண்டுக்கணக்கில் என்னை அரித்தது.

அலுவலகத்துக்குக் கணினிகள் வாங்கியபோது, ஒன்றில் மட்டும் நிரல்களைச் சேமிக்கும் வட்டு இருந்தால் போதுமென்று அவன் சொன்னான். ஏனையவை இயக்கப்பட்டதும், அவற்றுள் பொருத்திய சிறு சில்லு கம்பிவடம் வழியே தலைமைக் கணினியிடம் கேட்கும். விழித்தெழத் தேவையான அனைத்தும் அங்கிருந்து வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் தனி வட்டு வேண்டுமென்று நான் வாதிட்டேன். மேலாளர் அவன் பக்கம் சாய்ந்தார். ஆயினும், இந்த ஏற்பாடு அவ்வாண்டு முழுதும் தாக்குப்பிடித்தால் கணினிப் பிரிவின் தலைமை அவனுக்கு, இல்லையேல் எனக்கு என்று இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். அன்று காலை வந்து பார்த்தவர், நண்பகலுக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றிலும் வட்டைப் பொருத்தச் சொல்லிவிடுவதாகக் கூறிச் சென்றார்.

பழுது எங்கே என்பது கால்மணி நேரத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. என் தந்தையார் சிம்பாங் பூலாய் அருகே ரப்பர்த் தொழிற்சாலையில் உருளை இயந்திரம் ஓட்டியவர். ஆயுத பூசையன்று இயந்திரத்தின் மேலே பொட்டு வைத்து முடித்துக்கொள்ளமாட்டார். இணைப்புகளைக் கழற்றித் துடைத்து, உள்ளேயும் சந்தனம் தொட்டு வைத்து மாட்டுவார். முந்தின நாள் நானும் அப்படியே செய்திருந்தேன். வரிசையில் ஆறாவதான என் மேசையின் அடியில், கம்பிவடம் கணினியோடு சேரும் இணைப்பைத் திருகிக் கழற்றி, உள்ளே சந்தனம் வைத்து மீண்டும் திருகினேன். சூதேதும் இல்லை, பக்திதான். எட்டையும் கோத்த ஒரே வடத்தில் ஓரிடம் தடைபட்டாலும் எட்டுமே ஊமையாகும் அமைப்பு அது என்பதை மறந்துபோனேன். காலையில் நினைவுக்கு வந்தது. ஒரு கோப்பை விரித்து, அவசரமே இல்லாத ஒரு கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

சகலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். சில்லுகளைக் கழற்றிப் பார்த்தான். தலைமைக் கணினியிலிருந்த கோப்புகளைப் புதிதாகப் படியெடுத்தான். ஒவ்வொரு கணினியின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டான். பிறகு முதல் கணினியைத் தூக்கிச் சென்று தலைமைக் கணினியருகே வைத்து, குட்டை வடமொன்றால் இணைத்தான். அது விழித்துக்கொண்டது. பழுது நெடுவடத்தில்தான் என்பது உறுதியாயிற்று. இனி மேசை மேசையாகத் தேடுவான், நண்பகல் வந்துவிடும் என்று கணக்கிட்டேன். அவன் நிமிர்ந்து எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். நேராக என்னிடம் வந்தான்.

“அண்ணே, கால கொஞ்சம் நகத்துங்க.”

குனிந்தவன் இணைப்பைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். “சந்தனம் மேலுக்கு வச்சா போதும்லா. உள்ளுக்கு வச்சா சாமிக்கு வேணா தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதுண்ணே” என்றான், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி. எரிசாராயம் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டினான். எட்டும் விழித்தன. இணைப்பொன்று தளர்ந்திருந்ததென்று மேலாளரிடம் சொன்னான். என் பெயர் அவன் வாயில் வரவில்லை.

பதவி அவனுக்குப் போயிற்று. அதைக்கூட ஒருவாறு செரித்துக்கொண்டேன். ஐந்து மேசைகளைக் கடந்து அவன் நேராக ஆறாவதற்கு நடந்து வந்தானே, அந்த நடையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கே கற்றான் அதை? எந்தச் சான்றிதழ் அதைத் தரும்? பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புகைச்சல் அடங்கவில்லை.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் மகளின் அலுவலகத்தில் இப்போது கணினிக்குள்ளேயே பல கணினிகள் இயங்குகின்றனவாம். கையால் தொடக்கூடிய உடம்பு அவற்றுக்கு இல்லையாம். அவையும் நம்முடையவை போலவே பிணையத்தில் தலைமையைத் தேடித்தான் விழிக்கின்றன என்றும், சில விழிக்காமல் போக, மகளோடு உட்கார்ந்து மூன்று நாள் திண்டாடியதாகவும் சொன்னான்.

“மேசையும் இல்ல, ஆளும் இல்ல. யாரு மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கிறதுண்ணே?”

எந்த முகம் என்று கேட்டேன்.

“அன்னிக்கி எல்லாரும் அவங்கவங்க மேசைக்கடியில குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க. நீங்க மட்டும் ஒருவாட்டி கூட பாக்கலயே.”

சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தான். பழுது எங்கென்று அன்று காலையே எனக்குத் தெரிந்திருந்ததை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவன் அறியாமல் நான் கட்டிக் காத்துவருவதாக எண்ணியிருந்தேன். வாய்மூடியிருப்பதிலாவது அவனை விஞ்சிவிட்ட மனநிறைவு எனக்கு இருந்தது. அதையும் அவன்தான் என்னைவிடச் செம்மையாகச் செய்திருக்கிறான்.