கடப்பாரையும் மிஸ்டு காலும்

போன் ஒருமுறை மட்டும் அடித்து அடங்கினால் எனக்குப் பாகூர் நினைவு வந்துவிடும்.

அம்மா போனபின் அங்கே தனியாக இருந்த அப்பாவைச் சென்னைக்கே கூட்டிவந்துவிடலாம் என்று போயிருந்தேன். விடியும்போதே அவர் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பாவம், தூங்கட்டும் என்று அதை அணைத்துவைத்தேன்.

கால்மணி நேரத்தில் கதவைத் தடதடவென்று தட்டினார்கள். திறந்தால் நாலு கிழவர்கள். ஒருவர் பாதிச் சவரத்தோடு, ஒருவர் கடப்பாரையோடு.

"உங்கப்பனுக்கு இன்னாடா ஆச்சு?"

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவந்தார். "கடப்பாரை எதுக்குடா? என் வூட்டுக் கதவு இன்னா பாவம் பண்ணுச்சு?"

தனியாக வாழும் அந்த ஐந்து பேரும் தினமும் விடிந்ததும் ஒருவருக்கொருவர் மிஸ்டு கால் கொடுப்பார்களாம். வந்தால் ஆள் நலம். வராவிட்டால் ஓடிவர வேண்டும். நான் போனை அணைத்து, நல்லா இருந்த அப்பாவைச் சாகடித்திருந்தேன்.

கடப்பாரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ கேட்டார். நான் போட்ட டீயைக் கேலி செய்தபடியே ஐந்து பேரும் குடித்தார்கள். வீடே சிரிப்பில் குலுங்கியது. என் அடுக்குமாடிக் கதவை உடைக்க இப்படி யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவைச் சென்னைக்குக் கூப்பிட வாய் வரவில்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது அப்பா சொன்னார்: "நாளையிலேர்ந்து நீயும் காலையில ஒரு மிஸ்டு கால் குடுடா. வரலன்னா கடப்பாரையோட வந்துருவோம்."