ஏழு ஆரோ ஸ்டிக்கர்கள்

ஸ்டீம் அயர்னின் ஆவி... அதோடு கலந்த புதுத்துணி வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்த நாட்கள் என்றால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வரும்.

நான் தையல் லைன். மெஹருன்னிசா செக்கிங் டேபிள். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாள், என் வயசுதான். சட்டையில் எங்கே தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஆரோ வந்தால் பிரித்துத் தைக்க வேண்டும். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

அப்போது வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கதை எழுதியிருந்தேன். ஒரே ஒருத்தரிடம் காட்டுவோம், சிரித்தால் எழுத்துக்கே முழுக்குப் போட்டுவிடலாம்... என்று முடிவு செய்துகொண்டு நோட்டை அவளிடம் கொடுத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தது. சிரிக்கவில்லை. கதை முழுக்க ஏழு ஆரோ ஒட்டியிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஏன் அந்தந்த இடத்தில் என்று தெரியாமல் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். இங்கே மழை எதற்கு, இங்கே இவள் ஏன் அழுகிறாள் என்றே புரியவில்லை... ஆறுக்கும் தலையாட்டினேன். ஏழாவது, கடைசி வரியில். மனைவியின் டைரியைக் கணவன் கிழித்துப் போடுவான். முடிவில் அவள்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்பாள்.

"இவ இன்னாத்துக்குடி மன்னிப்பு கேக்குறா? இத்த நீ எழுதல. உங்க ஊட்ல யாராச்சும் படிச்சிடுவாங்கன்னு பயந்துகினு எழுதிகீற."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அப்பா படித்துவிட்டால் என்ற பயத்தில்தான் அந்த வரியை எழுதியிருந்தேன்.

வேறு எப்படி முடிப்பது என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நீ எழுது, நான் படிக்கிறேன்."

எழுதினேன். பயத்தோடுதான். பின்னால் அப்பா அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. அதற்குள் நான் அடுத்த கதையில் இருந்தேன்.

இப்போது தோழிகள் கதை பகிரும் இந்த ஆன்லைன் குழுவில் எதைப் போட்டாலும் நிமிஷத்தில் ஹார்ட் குவிகிறது. சந்தோஷம்தான். ஆனால் அத்தனை கவனமாக என்னை யாரும் படித்ததில்லை.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது... அப்படிப் படிக்கத் தெரிந்தவள், தானும் எதையாவது எழுதிப் பார்த்திருப்பாளோ? அவள் கல்யாணமாகி வேலையை விட்டுப் போகும்வரை நான் கேட்கவே இல்லை. என் கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இங்கே சத்தமில்லாமல் படித்துவிட்டு மட்டும் போகிற தோழிகளிடம் கேட்கிறேன்...

நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?