சரியான நேரத்துக்கு வந்த விமானமும் தம்பியின் புதுப் படகும்

கோயம்புத்தூரிலிருந்து காலை விமானத்தில் வந்து, அன்றைக்கே வடசென்னையில் ஒரு விசேஷத்தைப் பிடிக்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் என்னை மாதிரி நிமிடக் கணக்குப் பார்த்து வராதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை என் தம்பி ஏழுமலையின் புதுப் படகு எண்ணூர் பக்கம் எங்கள் குப்பத்தில் கடலில் இறங்க இருந்தது. பழைய படகு புயலில் கருங்கல் கரையில் மோதி உடைந்த பிறகு, அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி, புதுப் படகு இறங்கும்போது உடன்பிறந்தவள் கற்பூரம் காட்டிக் கரைக்கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அவனுக்கு நான் ஒரே அக்கா. நல்ல நேரம் ஒன்பதரை முதல் பத்தரை வரை, பிறகு ராகுகாலம். நான் வந்து சேராவிட்டால் சித்தப்பா மகள் அவிழ்ப்பாள் என்று பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அது தாங்காது.

வியாழன் இரவு ரயிலில் இடமில்லை. விமான டிக்கெட் 3,850 ரூபாய். புறப்பாடு 6:50, வருகை 8:10. மெட்ரோவில் ஒரு மணி நேரம், ஆட்டோவில் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டேன். எப்படியும் பத்து மணிக்குள் போய்விடலாம்.

விமானம் 6:55க்கு நின்ற இடத்திலிருந்து பின்னால் நகர்ந்தது. கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றுவிட்டது. சென்னையில் இறங்க இடமில்லையாம். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இருக்கைக்காரர் விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர். அவரிடம் புலம்பினேன்.

"லேட்டெல்லாம் இல்லீங்க. சக்கரத்துக்கு வெச்ச கட்டையை எடுத்து, நின்ன எடத்த விட்டு நகந்துட்டா கெளம்புன கணக்குங்க. இங்க நிக்கறது அதுல வராதுங்க."

சென்னையிலும் அதே கதைதான் என்றார். விமானம் போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் அதுதான் வந்த நேரம். கதவு திறப்பதோ பெட்டி வருவதோ கணக்கில் இல்லை. அதிலும் பதினைந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் சரியான நேரம் என்றே எழுதிக்கொள்வார்களாம். பறப்பது என்னவோ ஐம்பது நிமிடம். டிக்கெட்டில் போடுவது ஒரு மணி இருபது நிமிடம். இந்த நிற்பதற்கெல்லாம் சேர்த்துத்தான் அப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். பாவம், முன் வரிசையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டே வந்திருந்தாள்.

8:23க்குச் சென்னையில் வந்து நின்றது. பதின்மூன்று நிமிடம்தான் தாமதம், ஆகவே சரியான நேரம். ஏணி வந்து கதவு திறக்க 8:40 ஆனது. பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருந்த பெட்டியைச் சரக்கில் போட்டது என் தவறு. அதற்காக நின்றுகொண்டிருந்தபோது ஏழுமலை போனில் வந்தான்.

"யக்கா, வந்துட்டன்னு ஆப்புல பச்சையா கீது. எங்க கீற நீ?"

"பொட்டி வர்லடா! அவுங்க கணக்கே வேற. எடத்த வுட்டு நவுந்துட்டா கெளம்புன கணக்காம். அதுக்கப்புறம் அரை மணி நேரம் நின்னாலும் லேட்டு இல்லியாம். இன்னா அநியாயம் பாரு!"

"நவுந்தா போதுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

9:15க்கு மெட்ரோ ஏறினேன். விம்கோ நகர் வரை மாற வேண்டாம், 50 ரூபாய். வண்ணாரப்பேட்டை தாண்டும்போதே சித்தப்பா மகள் கயிற்றைப் பிடித்திருப்பது கண்ணில் தெரிந்தது. இறங்கும்போது 10:20. ஆட்டோ 100 ரூபாய். முக்கால் கிலோமீட்டர் போவதற்குள் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

"இன்னாண்ணா, எவ்ளோ நேரம் ஆவும்?"

"அஞ்சே நிமிசம் யக்கா."

"பத்து நிமிசமா அதத்தான் சொல்லிகினு கீற!"

"நவுந்தா அஞ்சு நிமிசம். அது நவுரலன்னா நான் இன்னா பண்ணட்டும்?"

குப்பத்தில் இறங்கும்போது 10:50. மணலில் ஓடினேன். கூட்டம் கலையவில்லை. படகின் முனை தண்ணீரில் இருந்தது. இரண்டு பக்கமும் எட்டுப் பேர் இடுப்பளவு அலையில் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கரையில் கட்டியபடியே இருந்தது. சித்தப்பா மகள் கற்பூரத் தட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ராகுகாலம் வந்துட்ச்சேடா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? நம்ம போட்டு பத்து இருவதுக்கே எடத்த வுட்டு நவுந்துட்ச்சு. கெளம்பி அரை மணி நேரம் ஆவுது. கயிறு மட்டும்தான் பாக்கி," என்றான் ஏழுமலை.

"பெரியவங்க ஒத்துக்கினாங்களா?"

"ஏரோபிளேனுக்கே அதான் கணக்குன்னேன். சர்தான்னுட்டாங்க."

தண்ணீரிலிருந்து ஒருவர் கத்தினார்: "யம்மா, கணக்கெல்லாம் அப்பால பேசிக்கலாம். கையி வுட்டுப்போச்சு, சீக்கிரம் அவுரு!"

கற்பூரம் காட்டினேன். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய் நகம் பெயர்ந்தது. அவிழ்த்துவிட்டேன். காலையில் எந்தக் கணக்கைத் திட்டித் தீர்த்தேனோ, அதை வைத்தே எனக்காக அலையில் நின்றிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: பெட்டியைச் சரக்கில் போடாதீர்கள். செயலியில் தெரியும் வருகை நேரம் விமானத்தின் நேரம், உங்கள் நேரம் அல்ல. வெளியே வர முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர் பக்கம் என்றால் லாரிகளுக்காக இன்னொரு அரை மணி. முடிந்தால் முதல் நாளே வந்துவிடுங்கள்.

விமானக்காரர்கள் பதிவில் அன்று நான் சரியான நேரத்துக்கு வந்தவள். எங்கள் குப்பத்தில் போய்க் கேளுங்கள், அங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள்.