நான் எழுதாத மெசேஜ்

அதத்தான் சொல்றேன் தங்கச்சி, ஊரே எனக்குக் கொரோனான்னு முடிவு கட்டிருச்சு. நான் என்னடான்னா குசினியில குந்திக்கிட்டு தேங்காய் துருவுறேன்!

நீங்க அப்ப இந்தப் பக்கம் குடி வரல. கர்பியூ போட்டிருந்த காலம். நம்ம இடியாப்ப யாவாரம் பூரா வாட்ஸ்அப் குரூப்புலதான். எனக்குத்தான் எழுத்து வாசிக்கத் தெரியாதே, அதனால எல்லாம் வொய்ஸ்தான். அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஏசுவேன். "ஏய் நர்சு, டிபன் பெட்டியக் கழுவாமயா அனுப்புவ? இனி உனக்கு வாழையிலதான்!" அந்தப் பிள்ளைக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில வேல. என் ஏச்சக் கேக்காட்டி இடியாப்பம் தொண்டையில எறங்காதுன்னு சிரிக்கும். நல்ல பிள்ள, சம்பல் ஒறப்புதான் தாங்காது.

ஒருநாள் ஒருத்தன் மகளுக்கு கோல் எடுத்தான். "சாப்பாடு கொண்டுபோக கர்பியூ பாஸ் தாறோம். உங்க கடை ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லுங்க"ன்னான். அதுக்கு முந்துன நாள்தான் பாஸ் இல்லன்னு நம்ம சாப்பாட்டோட வத்தேகமப் பக்கம் போன த்ரீவீல திருப்பி அனுப்பியிருந்தாங்க. இவளும் சந்தோஷத்துல ஒப்பிச்சிட்டா. அவ்வளவுதான், நம்ம வாட்ஸ்அப் அவன் கைக்குப் போயிருச்சு!

அவன் எல்லாருக்கும் என் பேர்ல எழுதுறான்: "அன்பான வாடிக்கையாளர்களே, ஒரு வாரப் பணத்தை முன்கூட்டியே இந்தக் கணக்கில் செலுத்திப் பேருதவி புரியுங்கள்." பேருதவியாம்! அந்த வார்த்த என் வாய்க்குள்ள நொழையுமா?

மகள் அழுறா. "ஒரு ஆள் காசு போட்டாலும் நம்மளத்தான்மா கள்ளின்னுவாங்க. அடுப்ப மூடிட வேண்டியதுதான்." 

அந்த நேரம் பாத்து, நம்மகிட்ட இடியாப்பம் வாங்குற குண்டசாலை டீச்சர் கோல். "ஆச்சி! எழுதப் பழகிட்டீங்களா! என்னா அழகான தமிழ்!" பாவம், சந்தோஷத்துல அழுறாங்க. "ஐயோ, அது கள்ளன் டீச்சர்! காசு கீசு போட்றாதீங்க!"ன்னு கத்துறேன்.

கத்தி முடிக்கல, வாசல்ல சுகாதாரப் பரிசோதகர். மாஸ்க்கு, கண்ணாடி, கையுறை. அதக் கண்டு ஊரே எட்டிப் பாக்குது. "ஆச்சி, காய்ச்சலா? இருமலா? ஏன் ஏசுறது இல்ல?"

நர்சுப் பிள்ள சொல்லி அனுப்பியிருக்கு! ஆச்சி ஏசாம, மரியாதையா எழுதியிருக்காங்க, மண்டைக்குக் காய்ச்சல் ஏறிருச்சு, ஓடிப்போய்ப் பாருங்கன்னு!

"கேட்டத் தொறந்து போட்டுட்டு வாறீங்களே மாத்தயா, நாய் பூந்தா நீங்களா தொரத்துவீங்க?"ன்னேன். அவர் உடனே நர்சுக்கு கோல் எடுத்து, "மிஸ், ஆச்சிக்கு ஒண்ணுமில்ல. எனக்கே ஏசுறாங்க!"ன்னார். அந்தப் பக்கம் அது கெக்கே பிக்கேன்னு சிரிக்குது. சிரிச்ச கையோட குரூப்புல எல்லாருக்கும் சொல்லிருச்சு, அது ஆச்சி இல்ல, கள்ளன்னு. ஒரு ஆளும் காசு போடல தங்கச்சி, ஒரு ஆளும்!

மகள் எப்படியோ வாட்ஸ்அப்ப மீட்டா. பூட்டுக்குப் புதுசா ஒரு நம்பரும் போட்டா. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் திரும்பி வந்ததும் மொத வேலையா அத்தன பேருக்கும் ஒரு ஏச்சு விட்டேன் பாருங்க, அன்னைக்கு வந்த ஓடருக்கு மா பத்தல!

இப்ப மகள் எழுதப் பழகச் சொல்லி நச்சரிக்கிறா. நான் பழகினா கள்ளனுக்குத்தானே வசதி? போன கிழமகூட அந்த டீச்சர் எழுதப் பழக்குறேன்னு வந்து... ஐயையோ, தண்ணி வத்தித் தீயுற வாசம்! இடியாப்பத் தட்டு அடுப்புல! இருங்க, எறக்கிட்டு...