அப்பாவை ஓட வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா

விசிடி தட்டு பிளேயருக்குள் சுற்றத் தொடங்கும்போது ஒரு 'சர்ர்ர்' சத்தம் வரும்… அதே நேரம் அடுப்படியிலிருந்து அம்மாவின் பட்டர் கேக் வாசனை வரும். எனக்கு டிசம்பர் என்றால் இன்றைக்கும் இவை இரண்டும்தான்.

அந்த வருடம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நான் வாங்கி வந்தது ஒரு கொலைகாரப் படம். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஒருவன் கோடாரியோடு வீடு வீடாகப் போவான். சிரித்த முகமூடி. வாயே திறக்க மாட்டான். கதவைத் தட்டுவான்… திறந்தால் தீர்ந்தது!

"இதெல்லாம் ஒரு படமா? சின்னப் பிள்ளைங்க பாக்குறது லா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, கடைசி வரை இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அப்பா ஜுருவில் ஃபேக்டரி சூப்பர்வைசர். அவர் குரலைக் கேட்டால் மெஷின்கூட ஒழுங்காக ஓடும் என்பார்கள். அந்தக் குரலுக்குப் பயந்துதான் நானும் சேவியரும் ஒரு திட்டம் போட்டிருந்தோம்.

சேவியர் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் டிரம் வாசிப்பவர். புக்கிட் தெங்காவில் கான்ட்ராக்ட் வேலை. எனக்கு அவரைப் பிடிக்கும். அது அப்பாவுக்குத் தெரியும், அதனாலேயே அவரைப் பிடிக்காது. "பெர்மனன்ட் வேல இல்லாதவன் என் வீட்டு கேட்டத் தாண்டக்கூடாது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஜனவரியில் ஈப்போவிலிருந்து ஒரு மாப்பிள்ளை என்னைப் பார்க்க வருவதாகவும் ஏற்பாடு.

ஆனால் கேரல் பாட வருபவர்களை எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா முன்னால் ஆடிக்கொண்டு வருவார். அவர் யாரென்று தெரியக்கூடாது, அதனால் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த வருடம் சேவியர்தான் தாத்தா. நன்றாக ஆடி அப்பாவைச் சிரிக்க வைப்பது… கேக் சாப்பிடும்போது முகமூடியைக் கழற்றி, எங்கள் விஷயத்தைப் பேசுவது… இதுதான் திட்டம்.

முதல் நாள் பார்த்த படத்தில் கொலைகாரன் வந்ததும் இதே மாதிரிதான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை!

மறுநாள் சாயங்காலம் பாட்டுக் குழு பக்கத்து வீட்டில் கறி பாஃப் தட்டைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது. என் அவசரக்காரர் மட்டும் தனியாக வந்து எங்கள் கதவைத் தட்டினார். அப்பா திறந்தார்.

சிவப்பு உடை. சிரித்த முகமூடி. கையில் பலூன் கட்டிய கம்பு. பேச்சு மூச்சு இல்லை. ஒரு காலைத் தூக்கி ஆட ஆரம்பித்தார்…

"ஐயோ மாதாவே!"

அலறியது அப்பா. பேப்பர் ஒரு பக்கம், சிலிப்பர் ஒரு பக்கம். ஓடிப்போய்க் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அம்மா கேக் வெட்டும் கத்தியோடு ஓடி வந்தார். கத்தியைப் பார்த்ததும் தாத்தா முகமூடியைப் பிடுங்கி எறிந்தார்.

"ஆன்ட்டி, நாந்தான்! சேவியர்!"

அம்மா தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் போச்சு, இனி ஈப்போ மாப்பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டுக் குழு முழுவதும் ஓடி வந்தது. "யாரு கத்துனது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குளியலறைக்குள் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"நாந்தான்" என்றார் சேவியர். "ஆன்ட்டி கையில கத்தியப் பாத்துப் பயந்துட்டேன்."

அத்தனை பேரும் அவரைக் கேலி செய்து சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

தாழ்ப்பாள் திறந்தது. முகம் கழுவ மட்டுமே உள்ளே போனவர்போல அப்பா துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். சேவியரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா? அந்த முகமூடியே பரவால்ல லா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "உள்ள வந்து உக்காரு. கேக் சாப்பிடு."

ஈப்போ மாப்பிள்ளை வரவே இல்லை.

இப்போது கேரல் குழு வாட்சப்பில் நேரம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் வாசல் காவலாளியிடம் பெயர் கொடுத்து லிஃப்ட்டில் ஏறி வருகிறார்கள். தாத்தாவுக்கு முகமூடி இல்லை, பஞ்சுத் தாடிதான்… எல்லோரோடும் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார். யாருக்கும் பயமில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

போன வாரம் அதே படத்தைப் புதிதாக எடுத்து வெளியிட்டிருந்தார்கள். "ரீமேக்கா? பழசு மாதிரி வராது லா" என்று சொல்லிக்கொண்டே, எல்லோருக்கும் முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தது அப்பாதான். அம்மாதான் இல்லை. இருந்திருந்தால் சிரித்தே தியேட்டரைக் கலக்கியிருப்பார்.

ரத்தம் ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தி… எனக்கு ஒன்றும் பயமாக இல்லை. திரையில் தாத்தா கதவைத் தட்டினான். கதவு திறந்தது.

"ஐயோ மாதாவே!"

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்பா சேவியரின் கையை இறுகப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேவியர் மறு கையை உயர்த்தினார்.

"சோரி லா… நாந்தான்."